பிரெஞ்சுத் தீவன நூல்களின் எழுத்துக் குறுக்கங்கள்

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என வழங்குதலை நம் இலக்கணிகள் குழூஉக்குறி என்பர். ஒரு குழுவினர் தமக்குள் வகுத்துக்கொண்ட குறி புறத்தார்க்கு விளங்காது. இக்காலத்து விஞ்ஞான நூல்களில் மலிந்துள்ள முதலெழுத்துக் குறுக்கங்களும் அவ்வினத்தனவே. அவற்றுள், கால்நடைத் தீவனம்பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுந்த நூல்களின் குறுக்கங்களைத் தமிழிற் பெயர்க்குமாறு யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது. எல்லாவற்றையும் பெயர்த்தல் வேண்டும் என்பாரும், ஒன்றையும் தொடலாகாது என்பாரும் உளர். இருசாரார் கூற்றும் பொருந்தாதென்பது எம் கருத்து.

சில குறுக்கங்களின் பொருள் எல்லா மொழிக்கும் பொது. எம்.எஸ். என்பது நீர் நீங்கிய உலர்பொருள். ஆங்கிலேயர் அதனையே டி.எம். என்பர். இதனைத் தமிழில் முழுச்சொல்லாலேயே எழுதிவிடலாம். எம்.ஏ.டி. என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் ‘மொத்த நைட்ரஜன் பொருள்கள்’ என்றாகும். தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆற் பெருக்கிப் பெறும் இத்தொகையை ஏனையோர் கச்சாப் புரதம் என்பர், அப்பெயரே அமையும். (நைட்ரஜனுக்குப் பிரெஞ்சுப் பெயர் ‘அஸோத்’, உயிரற்றது என்னும் கிரேக்கப் பொருளது. உயிர் வளர்க்கும் புரதத்தை அதனைக் கொண்டே அளக்க நேர்ந்தது வியப்பன்றோ?) யூ.இ. என்பது பிரெஞ்சில் ஐரோப்பிய ஒன்றியத்தையும் குறிக்கும். தீவனம் மாட்டின் வயிற்றில் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவையும் குறிக்கும். இடமறியாது பெயர்ப்பவர் ஒன்றியம் முழுவதையும் ஒரு பசுவின் வயிற்றிற் புகுத்திவிடுவர்.

அளவைப் பெயராய குறுக்கங்களின் இயல்பு வேறு. யூ.எஃப்.எல். என்பது பாலுக்குரிய தீவன அலகு. பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் முன்னர், மாதிரிப் பார்லி ஒரு கிலோ கறவைக்கு அளிக்கும் நிகர சக்தியாகிய 1,700 கிலோகலோரியை ஓர் அலகு என்றனர். 2018-இல் அந்நிலையத்தாரே கணக்கைத் திருத்தி 1,760 என்றனர். எழுத்து மாறவில்லை, எண் மாறிற்று. பழைய நூலில் ஒரு பசுவிற்கு 20 அலகு எனக் கண்டதைப் புதிய எண்ணால் கலோரியாக்குபவர் 1,200 கிலோகலோரி மிகுத்து எழுதுவர். அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பாலுக்கு வேண்டும் சக்தி! ஏட்டிலுள்ள அச்சக்தி பசுவின் வயிற்றில் இராது. பால் குறையும், அல்லது பசு மெலியும்; பழியோ தவிட்டின்மீதும் பிண்ணாக்கின்மீதும் விழும். ஆகலின் இத்தகைய குறுக்கத்தின் எழுத்தை மாற்றாது வைத்து, முதன்முறை வருமிடத்து அதன் பொருளைத் தமிழில் விரித்து, எந்த ஆண்டின் அட்டவணை என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டு நூலின் ஆங்கிலப் பதிப்பும் யூ.எஃப்.எல். என்றே வைத்துள்ளது.

பி.டி.ஐ. என்பது சிறுகுடலிற் செரிக்கும் புரதம். 2018-க்கு முற்பட்ட அட்டவணைகளில் ஒவ்வொரு தீவனத்திற்கும் பி.டி.ஐ.என்., பி.டி.ஐ.இ. என ஈரெண் இருந்தன. முன்னது முதல் இரைப்பையின் நுண்ணுயிர்க்குக் கிட்டும் நைட்ரஜனையும், பின்னது அவற்றிற்குக் கிட்டும் சக்தியையும் பற்றி எழுந்தது. இரண்டையும் ‘செரிக்கும் புரதம்’ என்றே பெயர்த்தார்க்கு, ஒரே பொருளுக்கு ஈரெண் வந்ததன் காரணம் புலனாகாது.

பிறமொழி எழுத்தைத் தமிழில் அவ்வாறே வைத்தல் இழுக்கு என்பார்க்கு ஒன்று கூறுவோம். மேற்கூறிய ‘என்’ அஸோத் என்னும் சொல்லின் முதலெழுத்தன்று, உலகப் பொதுக்குறி. அமெரிக்க அறிஞர் வான் சூஸ்ட் வகுத்த நார் அளவையாகிய என்.டி.எஃப். என்னும் ஆங்கில எழுத்துக்களையும் பிரெஞ்சு நூலார் மாற்றாதே வழங்குகின்றனர். அங்ஙனமிருக்க, ‘பா.தீ.அ.’ என நாம் ஒன்று புனைந்தால், அதனைக் கற்ற மாணவன் எந்நாட்டு அட்டவணையில் அவ்வெழுத்துக்களைத் தேடுவான்?