பொல்லடியும் மெய்நிகர்க் கண்ணாடியும்

கடந்த தவணையில் எமது கலைப்பீட மாணவரிடையே நிகழ்ந்த விவாதமொன்றில், முதியோரின் உடல்நலத்துக்கும் உளநலத்துக்கும் மெய்நிகர் உடற்பயிற்சி விளையாட்டுகளே இனி வழி என நண்பரொருவர் வாதிட்டார். மண்டபம் கைதட்டியது. மறுத்துப் பேச எழுந்த எனக்குப் 'பழைமைவாதி' என்னும் பட்டம் கிடைத்தது. அப்பட்டத்தைக் களைவதற்காக இதனை எழுதவில்லை. அவ்வாதம் எம் கரையோர ஊர்களின் முதியோரை, சிறப்பாக முதிய பெண்களை, எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

நண்பர் கூறியவற்றுள் உண்மை இல்லாமலில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்நாட்டு மக்களுள் 7.9 சதவீதத்தினரே 65 வயதைக் கடந்தோர். 2024இல் அத்தொகை 12.6 சதவீதமாயிற்று. உடற்பயிற்சி முதியோர் விழுவதைக் குறைக்கின்றது என்பதும் ஐயத்துக்கு இடமற்றது. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு, வீழ்ச்சிகள் 23 சதவீதம் குறைவதாகக் காட்டிற்று. ஆயின், அப்பயன் உடற்பயிற்சியின் பயன், கண்ணாடியின் பயனன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே நண்பரின் முதற் பிழை.

அவர் வியந்து விவரித்த விளையாட்டு, 2018இல் வெளிவந்த 'பீட் சேபர்'. இரு கைகளிலும் ஒளிக்கோல் ஏந்தி, இசையின் தாளத்துக்கேற்ப எதிரே பறந்துவரும் கட்டைகளை அடித்து வீழ்த்த வேண்டுமாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பே வந்தது. அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் எம் பாட்டன்மார் அண்ணாவியாரின் பாட்டுக்குப் பொல்லேந்தி வட்டமாய் நின்று ஆடியது வேறென்ன? வேறுபாடு ஒன்றுண்டு; அது சிறிதன்று. பொல்லடியில் எம் பொல்லு சென்று மோதுவது இன்னொருவன் பொல்லில். அவன் தளர்ந்தால் நாம் வேகம் குறைக்கின்றோம். நாம் தவறினால் அவன் நகைக்கின்றான். அடுத்த நாள் அவன் வராவிடின் வட்டம் குறைபடும். ஏன் வரவில்லை என அவன் வீட்டுப் படலையில் போய்க் கேட்போம். பறந்துவரும் கட்டை எவரையும் தேடி வராது. முதுமையின் உளநோய்க்குத் தனிமையே பெருங்காரணம் என்று சொல்லிக்கொண்டே, கண்ணையும் காதையும் அடைக்கும் கருவியை மருந்தாகக் கொடுப்பது என்ன வகை வைத்தியமோ, யான் அறியேன்.

கருவியின் குறைகளைப் பற்றி நெடிது கூறேன். ஏறத்தாழ அரைக் கிலோ எடை கழுத்தின்மேல் ஏறுகின்றது. வயது ஏற ஏற உடல் தன் சமநிலைக்குக் கண்ணையே கூடுதலாக நம்புகின்றது. அக்கண்ணை மறைத்துவிட்டு ஆடச் சொல்கின்றோம். கண் காணும் அசைவும் உட்செவி உணரும் அசைவும் முரண்படும்போது தலைசுற்றும், குமட்டும். இருந்தபடியே ஆடும் விளையாட்டுகளும் உள என்பர், உண்டு, மறுக்கவில்லை. விலையோ? மலிவான 'மெட்டா குவெஸ்ட் 3எஸ்' 2024இல் சந்தைக்கு வந்தபோது அமெரிக்காவில் 299 டொலருக்கு மேல் விற்றது; அன்று எம் நாணயத்தில் அது ஏறத்தாழ 90,000 ரூபா. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் முதியோர் கொடுப்பனவை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தியது. அவ்விலையில், பதினெட்டு மாதக் கொடுப்பனவை உண்ணாமல் சேர்த்திருந்தால் ஒரு கண்ணாடி வாங்கியிருக்கலாம்.

எம் முதியோரின் உடல் ஏன் அசைவிழந்தது என்பதே நண்பர் கேளாது விட்ட வினா. கரைவலை இழுத்த காலத்தில் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு நூறு கால்கள் மணலில் ஊன்றின. மருதமுனையில் ஆண்கள் தறிமிதிக்க, பெண்கள் நூல் சுற்றினர். அவ்வுழைப்பைப் போற்றிப் பாட யான் வரவில்லை. முதுகை ஒடித்த உழைப்பு அது, அதன் ஊதியமும் அற்பம். ஆனால் உழைப்போடு கூட்டமும் பாட்டும் வெளியும் இருந்தன. உழைப்பு ஓய்ந்தபோது அவையும் சேர்ந்து போயின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் கரையோர வளவுகளை அழித்த பின், கடலோரத்தே பிறந்து வளர்ந்தோர் பலர் வேறிடத்து வீட்டுத்திட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். வளவில் வேலிக்கு வேலி பேசியவர்கள் சுவருக்குள் அமர்ந்தனர்.

பெண்களின் நிலை இன்னும் இறுக்கமானது. பொல்லடி ஆண்களின் ஆட்டம்; அதனை மீட்டெடுத்தால் எல்லாம் சரியாகும் என்றால் யானும் பாதியையே பேசியவளாவேன். பள்ளிவாசல் முன்றிலும் தேநீர்க்கடை வாங்கும் வாப்பாமாருக்கு உண்டு. மூத்தம்மாமாருக்கு எது உண்டு? வயற்காட்டிலும் முற்றத்திலும் அவர்கள் கட்டிய கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்தனர். நூறு கவியை நினைவில் வைத்து, எதிர்க்கவியை அக்கணமே கட்டிய அறிவுக்கு, இன்று நிறக்கட்டைகளை அடுக்கும் விளையாட்டு நினைவுப் பயிற்சியாகப் பரிந்துரைக்கப்படுகின்றது!

"வெளியே செல்ல இயலாத பெண்களுக்கு வீட்டுக்குள்ளேயே வெளியுலகம்" என்றார் நண்பர். அன்று அதிகம் கைதட்டல் பெற்ற வாக்கியம் அதுவே. எனக்கு அச்சமூட்டியதும் அதுவே. படுக்கையில் விழுந்தவருக்கு அது ஆறுதலாகலாம். அதனை யான் தடுக்க மாட்டேன். ஆயின், நடக்கக் கால் உள்ள பெண்ணை 'செல்ல இயலாதவள்' ஆக்கியது யார்? நடைபாதையற்ற வீதியும், விளக்கற்ற ஒழுங்கையும், "இந்த வயதில் உங்களுக்கென்ன நடை?" என்னும் மருமக்களின் வாயும் அன்றோ? கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிட்டால் இவற்றுள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதனாலேயே அது எல்லோருக்கும் இனிக்கின்றது.

சென்ற விடுமுறையில் என் மூத்தம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். வீட்டிலிருந்து அரைமைல்கூட இராது. எனினும் அவர் கடலைப் பார்த்துப் பல ஆண்டுகளாயிற்று. மணலில் மெல்ல நடந்தார்; இழுத்து வைத்திருந்த தோணிகளைத் தொட்டுப் பார்த்தார்; முன்பு யாருடைய வாடி எங்கிருந்தது என விரல் நீட்டிக் காட்டினார். எதிரே வந்த கிழவி ஒருத்தியைக் கண்டு, இருவரும் நின்று பேசிய பேச்சு அஸருக்குப் பின் தொடங்கி மஃரிப் பாங்கு வரை நீண்டது. கால் கடுத்தபோது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "இருந்தெழும்ப ஒரு வாங்கு கூட போடல்லயா புள்ள?"