ரெண்டு மார்க் கேள்வியும் ஒரு தஞ்சாவூர் ஆடிட்டரும்!

மெக்கானிக்கலோ, ஐ.டி.யோ, எந்த டிபார்ட்மென்ட் எடுத்தாலும் ஒரு பேப்பரிலிருந்து தப்பிக்க முடியாது. சுற்றுச்சூழல் அறிவியல். பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் சீனியர் நோட்ஸை காப்பி எடுத்து, ராத்திரி பதினோரு மணிக்குப் புரட்டுவோமே, அதேதான். அதில் ஒரு ரெண்டு மார்க் கேள்வி நிச்சயம் வரும். 'புதுப்பிக்கக்கூடிய வளம், புதுப்பிக்க முடியாத வளம் - வேறுபாடு தருக.' காற்றும் வெயிலும் இந்தப் பக்கம், கரியும் பெட்ரோலும் அந்தப் பக்கம், நடுவில் ஸ்கேலால் ஒரு கோடு. முடிஞ்சது கதை.

அந்தக் கோட்டுக்காக நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் ஜெயிலில் உட்கார்ந்து ஒரு புத்தகமே எழுதியிருக்கார்னு எனக்குப் போன மாசம்தான் தெரிஞ்சது. அதுவும் நேரா தெரியலை, ஜெர்மனி வழியா சுத்திக்கிட்டு வந்தது.

லைப்ரரியில் ஷூமாக்கர் எழுதின 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' கிடைச்சது. (கார் ரேஸ் ஷூமாக்கர் இல்லை பாஸ். நானும் அப்படி நினைச்சுத்தான் எடுத்தேன்.) இவர் எர்ன்ஸ்ட் ஃப்ரெட்ரிக் ஷூமாக்கர். 1911-ல் ஜெர்மனியின் பான் நகரத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் செட்டிலானார். உலகப் போர் வந்ததும் 'எதிரி நாட்டுக்காரன்'னு காவலில் வெச்சாங்க, பண்ணையில் வேலை செஞ்சார். அப்புறம் அதே இங்கிலாந்தின் தேசிய நிலக்கரி வாரியத்துக்கு 1950-லிருந்து 1970 வரை பொருளாதார ஆலோசகர். இருபது வருஷம் கரி கம்பெனியில் சம்பளம் வாங்கினவர், பூமிக்குள்ளே இருக்கிற கரியையும் எண்ணெயையும் முதலாகப் பார்க்காம வருமானம்னு நினைச்சுச் செலவு பண்றோமேன்னு 1973-ல் புத்தகம் போட்டார். உலகம் பூரா சூழல் பேசுறவங்க அதைத் தூக்கிவெச்சுக் கொண்டாடினாங்க.

அந்தப் புத்தகத்தில் 'பௌத்தப் பொருளாதாரம்'னு ஒரு கட்டுரை. படிச்சுக்கிட்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்னுட்டேன். 'இந்தியத் தத்துவவாதியும் பொருளாதார அறிஞருமான' ஒருத்தரை மேற்கோள் காட்டுறார் ஷூமாக்கர். பேர் ஜே.சி.குமரப்பா. என் ரூம்மேட் மதுரைக்காரன். அவன்கிட்டே கேட்டேன். ''டி.கல்லுப்பட்டியில அவர் இருந்த ஆசிரமம் இருக்குடா, பஸ்ல போறப்ப போர்டு பார்த்திருக்கேன்''னான். இறங்கிப் பார்த்தியாடான்னா, இல்லையாம். நம்ம லட்சணம் அதான்!

குமரப்பாவின் கதையை சினிமாவா எடுத்தா இன்டர்வெல் வரைக்கும் கோட்டு சூட்டுதான். 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போ பேர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் ஆடிட்டர் படிப்பு, பம்பாயில் சொந்த ஆடிட் கம்பெனி. 1927-ல் அமெரிக்கா போய் சிராக்யூஸ், அப்புறம் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே ஒரு சர்ச்சில், இந்தியா ஏன் ஏழையா இருக்குன்னு பேசினார். அது பேப்பரில் வந்தது. அதைப் பார்த்த அவரோட பேராசிரியர் செலிக்மன், இதையே ஆராய்ச்சியா பண்ணுன்னுட்டார். வரிப்பணம் எங்கிருந்து வருது, எங்கே போகுதுன்னு ஆடிட்டர் கண்ணோட நோண்ட நோண்ட, வெள்ளைக்காரன் சுரண்டல் அத்தனையும் கணக்கில் மாட்டுச்சு. ஆளே மாறிட்டார். ஊர் திரும்பினதும் கொர்னேலியஸ் போய், தாத்தா பேரான குமரப்பா வந்தது.

1929 மே 9. அந்த ஆராய்ச்சியைக் காட்ட சபர்மதி ஆசிரமத்துக்குப் போறார். சாணி மெழுகின தரையில், மரத்தடியில் ஒரு கிழவர் ராட்டை சுத்திக்கிட்டு இருக்கார். இவர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நிக்கிறார். ''நீங்கதானே குமரப்பா?''ன்னு கிழவர் கேட்டப்பதான் புரியுது, அது காந்தி. இஸ்திரி போட்ட பேன்ட்டோட அப்படியே மண்ணில் உட்கார்ந்துட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லைன்னு சொல்லலாம்.

காந்தி கூட இருந்தாலும் ஆமாம் சாமி போடுற ரகம் இல்லை. 1934 பீகார் பூகம்ப நிவாரண நிதிக்குக் கணக்குப் பார்த்தவர் இவர். தொண்டர் ஒருத்தருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூணு அணான்னு ரூல் போட்டார். காந்தியும் அவர் கூட்டமும் வந்தப்போ, இவங்க செலவை நிவாரண நிதியில் எழுத முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டார். நம்ம கல்ச்சுரல்ஸ் கமிட்டி ட்ரெஷரர்கள் நோட் பண்ணிக்கவும்!

அதே வருஷம் கிராமத் தொழில் சங்கத்துக்குச் செயலாளர் ஆகி வார்தா போனார். மண்ணெண்ணெய்க்குப் பதிலா தாவர எண்ணெயில் எரியுற 'மகன் தீபம்' மாதிரி விளக்கெல்லாம் அங்கேதான் வந்தது. சின்ன விளக்குக்கு எதுக்கு இவ்வளவு அலப்பறைன்னு தோணும். மண்ணெண்ணெய் எரிஞ்சா எரிஞ்சதுதான். எண்ணெய் வித்து அடுத்த வருஷமும் காய்க்கும். இதுதான் அவரோட மொத்தத் தத்துவத்துக்கும் பிள்ளையார் சுழி.

1942 போராட்டத்தில் பிடிச்சு ஜபல்பூர் ஜெயிலில் போட்டாங்க. அங்கே எழுதினதுதான் 'எக்கனாமி ஆஃப் பர்மனன்ஸ்', நிலைத்த பொருளாதாரம். காந்தி முன்னுரையோட 1945-ல் வெளிவந்தது. ஷூமாக்கர் புத்தகத்துக்கு 28 வருஷம் முன்னாடி! இயற்கை கொடுக்கிறதை ரெண்டாப் பிரிக்கிறார் குமரப்பா. ஒண்ணு 'ரிசர்வாயர்', இன்னொண்ணு 'கரன்ட்'. ஈ.பி. கரன்ட் இல்லை, ஓடுற ஆறு மாதிரி வந்துக்கிட்டே இருக்கிற வளம். நம்ம பாஷையில் சொன்னா, தாத்தா போட்டுட்டுப் போன ஃபிக்சட் டெபாசிட்டும் மாசச் சம்பளமும். கரி, பெட்ரோல், இரும்புத் தாது எல்லாம் டெபாசிட். அதை நம்பிக் குடும்பம் நடத்துறவன், தீர ஆரம்பிச்சதும் அடுத்த வீட்டு டெபாசிட்டுக்குச் சண்டைக்குப் போவான், அதனாலதான் யுத்தம் வருதுன்னு எழுதினார். எண்ணெய்க்காக நடந்த போர்களை டி.வி.யில் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஒரே வார்த்தைதான் ரெண்டு மார்க் நோட்ஸில் இல்லை: வன்முறை.

இதைப் படிச்சுட்டு லீவுக்கு ஊருக்கு வந்தேன். எங்க ஊர் திருவாலங்காடு. நடராஜர் காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடின ரத்தின சபை, காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர். பேரிலேயே ஆலங்காடு இருக்கு, ஆலமரத்தைத்தான் தேடணும். இன்னொரு அடையாளம் சர்க்கரை ஆலை. சீசனில் கரும்பு லோடு டிராக்டருக்குப் பின்னாடி மாட்டினா, பஸ் நகராது. எங்க வீட்டிலும் கரும்புதான். என் செமஸ்டர் ஃபீஸ் அதிலிருந்துதான் வருது. அதை மறைச்சுட்டு இங்கே தத்துவம் பேசினா நல்லா இருக்காது.

குமரப்பாவுக்கு ஆலைச் சர்க்கரை பிடிக்காது. நெல்லும் பயறும் விளையுற நல்ல நிலத்தை ஏன் சர்க்கரைக்குக் கொடுக்கணும், உழவும் தண்ணியும் கேட்காம பொட்டல் காட்டில் நிக்கிற பனையிலிருந்து வெல்லம் எடுக்கலாமேன்னு கேட்டவர். ஒரு கிலோ சர்க்கரைக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் தண்ணி செலவாகுதுன்னு இன்னைக்குக் கணக்கே போட்டுட்டாங்க.

எங்க தாத்தா வெட்டின கிணத்தில் ஐப்பசி, கார்த்திகையில்தான் தண்ணி தெரியுது. அப்பா முதலில் போட்ட போர் 150 அடி. ரெண்டாவது 320. மோட்டாருக்கு இலவச மின்சாரம். அதில் நல்ல பங்கு அனல் மின் நிலையத்தில் கரியை எரிச்சு வர்றது. ஒரு டெபாசிட்டை எரிச்சு, இன்னொரு டெபாசிட்டை உறிஞ்சி, கரும்புக்குப் பாய்ச்சி, நான் ரெண்டு மார்க் பதில் எழுதுறேன்! கரும்பு பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஆலை கொதிகலனில் எரியுறது பெரும்பாலும் கரும்புச் சக்கைதான். அதுக்குக் குமரப்பா பாஸ் மார்க் போட்டிருப்பார்னு நினைக்கிறேன். தண்ணிக்குத்தான் அரியர்!

கடைசி வருஷங்களைக் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழிச்சார் குமரப்பா. சுவரில் ஒரு ஏழை விவசாயி படம் மாட்டியிருந்தாராம். யார் இதுன்னு கேட்டா, காந்தி என் குரு, இவர் என் குருவோட குருன்னு சொல்வாராம். 1960 ஜனவரி 30-ல் இறந்தார். காந்தி சுடப்பட்ட அதே தேதி.

ராத்திரி களத்து மேட்டில் அப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். பனை வெல்லம் வரைக்கும் பொறுமையா கேட்டார்.

''எல்லாம் சரிதான்டா. நம்ம வரப்புலயும் ஒன்பது பனை நிக்குது. ஏறுறதுக்கு ஆள்? விழுந்தா அவன் குடும்பத்துக்கு யாரு? நீ இன்ஜினீயருக்குத்தானே படிக்கிற, பனை ஏற ஒரு நல்ல மிஷின் செஞ்சு குடு. நான் கரும்பைக் குறைச்சுக்கிறேன்.''

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் தலைப்பு கொடுக்கலை. மெக்கானிக்கலில் யாராவது டீமுக்கு வர்றீங்களா?