பட்டனை அமுக்கினால் ஆச்சா?

இது சண்டைப் பதிவு. முன்னாடியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சண்டை யாரோடு? மரம், புல், மலை, துருப்பிடித்த பெட்டி என்று மாதக்கணக்கில் உழைத்து ஒரு அமெரிக்கக் கிளைப் பாதையை அச்சு அசலாகச் செய்துவிட்டு, அதில் இருக்கிற அத்தனை பாயிண்ட்டையும் ஒரே பட்டன் பலகையில் கொண்டுபோய் மாட்டுகிறார்களே, அந்த மாடல் ரயில் ஆசாமிகளோடுதான்.

இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத வகுப்பு நண்பர்களுக்காக ஒரு நிமிட அறிமுகம். ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குப் பிரியும் இடம் பாயிண்ட். அமெரிக்கர்கள் ஸ்விட்ச் என்பார்கள், மாடல்காரர்கள் டர்ன்அவுட் என்பார்கள். வீட்டில் யாராவது ரயில்வேயில் இருந்தால் 'பாயிண்ட்ஸ்மேன்' என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கும், அதே பாயிண்ட்தான். கூராகச் சீவிய இரண்டு நாக்குத் தண்டவாளங்கள் இடமோ வலமோ நகர வேண்டும். எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கில், அந்த நகர்வு ஓரிரு மில்லிமீட்டர். இந்த ஓரிரு மில்லிமீட்டரை எதை வைத்துத் தள்ளுவது என்பதுதான் பஞ்சாயத்து.

"நிஜம் மாதிரி இருக்க வேண்டும்" என்று கேட்டால் கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது கிரவுண்ட் த்ரோ. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து உட்கார வைக்கும் குட்டி நெம்புகோல். அமெரிக்காவில் கபூஸ் இண்டஸ்ட்ரீஸ் செய்தது ரொம்பப் பிரபலம். பார்க்க நிஜ நெம்புகோல் போலவே இருக்கும், விரலால் அந்தப் பக்கம் சாய்த்தால் 'டக்'கென்று பாயிண்ட் மாறும். மலிவு, உழைக்கும், மின்சாரம் வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்.ஓ. அளவில் ஒரு அங்குல நீளமுள்ள எந்தப் பொருளும் நிஜத்தில் 87 அங்குலம், ஏழடிக்கு மேல்! பக்கத்தில் நிற்கும் குட்டி பிரேக்மேன் பொம்மையை விட நெம்புகோல் நீளம். அதன் நுனியில் இருக்கும் உருண்டை அவன் தலையை விடப் பெரிசு. என்.அளவுக்குப் (160-ல் ஒரு பங்கு) போனால் கேட்கவே வேண்டாம், அது நெம்புகோல் இல்லை, ஏற்றம்.

ஆகவே 'நிஜம் மாதிரித் தெரிகிறது' என்ற வாதமே இங்கே செல்லாது. அடுத்த கூட்டம் சொல்வது: அப்படியானால் நெம்புகோலே வேண்டாம், அடியில் மோட்டார் வை. சர்க்யூட்ரான் நிறுவனத்தின் டார்ட்டாய்ஸ் மாதிரி மெதுவாக நகர்த்தும் மோட்டாரைப் பலகைக்கு அடியில் மாட்டினால் மேலே எதுவும் தெரியாது, நாக்கு அழகாக ஊர்ந்து போகும். கண்ணுக்கு இதுதான் நிஜம் என்கிறார்கள்.

கண்ணுக்குச் சரி. வேலைக்கு?

நிஜத்தில் ஒரு கிளைப் பாதையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரயில் பாயிண்ட்டுக்கு முன்னால் நிற்கும். ஒருவர் இறங்கி, ஜல்லியில் நடந்து ஸ்விட்ச் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். பூட்டைத் திறக்க வேண்டும். கொக்கியை விடுவித்து நெம்புகோலைச் சுழற்ற வேண்டும். மழையோ பனியோ பெய்திருந்தால் அது சும்மா வராது. நாக்கு எதிர்த் தண்டவாளத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பிறகுதான் டிரைவருக்குச் சைகை. வேலை முடிந்ததும் பழையபடி திருப்பி, பூட்டி, நடந்து திரும்ப வேண்டும். ஒரே ஒரு தொழிற்சாலைக்கு ஒரே ஒரு பெட்டியை விட்டுவிட்டு வருவதில் பாதி நேரம் இந்த நடைதான்! இதை ஒரு பட்டனில் சுருக்கிவிட்டு, நான் கிளைப் பாதை ஓட்டுகிறேன் என்றால் எப்படி? பெட்டியின் துரு நிறம் சரியில்லை என்று அடுத்தவன் மாடலில் குறை சொல்கிற மனுஷன், ரயில்காரரின் முக்கால்வாசி வேலை தன் மாடலில் காணாமல் போனதைக் கவனிப்பதே இல்லை.

பொம்மை ரயிலுக்கு இவ்வளவு ஆவேசமா என்று சிரிக்காதீர்கள். அந்த நெம்புகோலின் கனம் தெரிய வேண்டுமானால் கிரானிட்வில் என்ற ஊரின் கதையைப் படியுங்கள். அமெரிக்காவில் தெற்குக் கரோலினா. 2005 ஜனவரி 5 மாலை ஒரு சிறிய சரக்கு ரயிலைப் பக்கப் பாதையில் நிறுத்திவிட்டு ஊழியர்கள் வேலை முடித்துக் கிளம்பினார்கள். கையால் திருப்பும் அந்த மெயின் லைன் பாயிண்ட் பக்கப் பாதைக்கே திரும்பியபடி இருந்துவிட்டது. அந்தப் பாதையில் எச்சரிக்க சிக்னலும் கிடையாது. மறுநாள் விடிவதற்குள் வந்த இன்னொரு சரக்கு ரயில் அப்படியே உள்ளே திரும்பி, நின்றிருந்த ரயிலில் மோதியது. குளோரின் டேங்கர் ஒன்று உடைந்து வாயு ஊருக்குள் பரவியது. 9 பேர் இறந்தார்கள், சுமார் 5,400 பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஒரு பாயிண்ட். திருப்பி வைக்க மறந்த ஒரு நெம்புகோல்.

அதே மாநிலத்தில் கேஸி என்ற இடத்தில் 2018 பிப்ரவரி 4 அன்றும் இதே கதை. புதிய பாதுகாப்பு அமைப்பைப் பொருத்துவதற்காக சிக்னலை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில், பக்கப் பாதைக்குத் திருப்பிப் பூட்டப்பட்டிருந்த பாயிண்ட்டில் ஆம்டிராக் பயணிகள் ரயில் நுழைந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. டிரைவரும் கண்டக்டரும் இறந்தார்கள்.

மாடலில் யாரும் சாகப் போவதில்லை. ஆனால் 'திருப்பி வைத்தேனா?' என்ற அந்தச் சின்ன உறுத்தல் இருக்கிறதே, அதுதான் இந்த வேலையின் உயிர். பட்டன் பலகையில் எல்லாம் ஒரே பார்வையில் பச்சை சிவப்பு விளக்காகத் தெரியும்போது அந்த உறுத்தலுக்கு வேலையே இல்லை.

அதற்காகப் பட்டனே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1927-லேயே அமெரிக்காவின் ஒஹையோவில் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே பல மைல் தூரத்துப் பாயிண்ட்டுகளையும் சிக்னல்களையும் ஓரிடத்தில் உட்கார்ந்து இயக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டது. அப்படிப்பட்ட மெயின் லைனை மாடல் செய்கிறீர்களா? தாராளமாகப் பலகை வையுங்கள். ஆனால் அதை இயக்குபவர் தனி ஆளாக இருக்கட்டும், ரயில் ஓட்டுபவர் அல்ல. பிரிட்டிஷ் நிலையமா? அங்கே சிக்னல் கேபினில் நெம்புகோல் வரிசை. ஒன்று இழுத்தால் இன்னொன்று பூட்டிக்கொள்ளும் இன்டர்லாக்கிங்குக்கு ஜான் சாக்ஸ்பி 1856-ல் காப்புரிமை வாங்கினார். அர்மா விபத்துக்குப் பிறகு 1889-ல் வந்த சட்டம் பயணிகள் பாதைகளில் அதைக் கட்டாயமாக்கியது. அந்த மாதிரி இடத்தில் ஒவ்வொரு பாயிண்ட் பக்கத்திலும் தனித்தனி நெம்புகோல் வைப்பதுதான் பொய். நிஜத்தில் இந்தப் பாயிண்ட்டை யார் திருப்பினார், எங்கே நின்று திருப்பினார்? கடைக்குப் போவதற்கு முன்னால் கேட்க வேண்டியது அவ்வளவே.

கையால் திருப்பிய இடம்தான் என்று பதில் வந்தால், என் ஓட்டு முன்பக்கப் பலகையில் இருக்கும் இழுகம்பிக்கு. ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் நேர் எதிரே, லேஅவுட்டின் விளிம்பில் ஒரு குமிழ். இழுத்தால் ஒரு பக்கம், தள்ளினால் மறுபக்கம். அடியில் ஒரு சாதாரண ஸ்லைடு ஸ்விட்ச். அதில் ஒரு துளை போட்டு விறைப்பான எஃகுக் கம்பியை மேலே நாக்குகளுக்குக் கொண்டுபோனால், அதுவே நாக்கைப் பிடித்தும் வைக்கும், ஃபிராக் எனப்படும் குறுக்கு முனைக்கு மின்சாரத்தையும் மாற்றிக் கொடுக்கும். குறுக்கே சட்டம் இடித்தால் சைக்கிள் பிரேக் கேபிளை வளைத்து எடுத்துப் போகலாம். இதையே ஒழுங்காகச் செய்து விற்கிறார்கள், ஃபாஸ்ட் டிராக்ஸ் நிறுவனத்தின் புல்ஃபிராக் ஒரு உதாரணம். பெக்கோ பாயிண்ட்டாக இருந்தால் உள்ளேயே ஸ்பிரிங் உண்டு, ஓரத்தில் இருப்பவற்றை விரலாலேயே தள்ளிவிடலாம். தண்டவாளம் பக்கத்தில் சரியான அளவில் ஒரு பொம்மை ஸ்விட்ச் ஸ்டாண்ட் சும்மா நிற்கட்டும். முடிந்தால் அதன் நிறத் தட்டும் சேர்ந்து திரும்பட்டும், முடியாவிட்டால் பரவாயில்லை.

இதில் முக்கியம் குமிழ் இருக்கும் இடம். ஆறு பாயிண்ட்டுக்கான ஆறு குமிழ்களையும் வசதிக்காக ஒரே இடத்தில் அடுக்கினால் அது மறுபடியும் பட்டன் பலகைதான், மரத்தில் செய்த பட்டன் பலகை. ரயிலோடு நீங்களும் நடக்க வேண்டும்.

'கை எட்டாது' என்பார்கள். எட்டாத தூரத்தில் கிளைப் பாதையின் பாயிண்ட்டை வைத்தது யார் குற்றம்? வண்டி தடம் புரண்டால் மட்டும் அங்கே கை எட்டுமா? 'வருகிற விருந்தாளிகளுக்குப் புரியாது' என்பார்கள். குமிழுக்கு மேல் ஒரு கோடு வரைந்து காட்டினால் சின்னப் பையனுக்கும் புரியும். நடக்க முடியாத, குனிய முடியாத பெரியவர் மோட்டார் வைத்துக்கொள்கிறேன் என்றால் மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அது அவர் லேஅவுட், அவர் முழங்கால்.

கொஞ்சம் கூடுதல் பைத்தியம் உள்ளவர்களுக்கு இன்னொன்று :-) கிரானிட்வில்லுக்குப் பிறகு, 2005 அக்டோபரில் அமெரிக்க ரயில்வே நிர்வாகம் ஒரு அவசர உத்தரவு போட்டது. சிக்னல் இல்லாத பாதையில் மெயின் லைன் பாயிண்ட்டைக் கையால் திருப்பினால் எந்த நேரம் திருப்பினோம், எந்த நேரம் பழையபடி வைத்துப் பூட்டினோம் என்று அந்த உத்தரவின்படி ஒரு படிவத்தில் எழுத வேண்டியிருந்தது. அந்த மாதிரி ஒரு தாளும் பென்சிலும் லேஅவுட் ஓரத்தில் தொங்கட்டும். குமிழ் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிப் பூட்டு, சாவி ஓட்டுபவரின் சட்டைப் பையில். ஒரு மணி நேரம் இப்படி ஓட்டிவிட்டு, அதற்கு மேலும் பட்டன்தான் வேண்டும் என்றால் வந்து சொல்லுங்கள், மீதிச் சண்டையை அப்போது போட்டுக்கொள்ளலாம்.