கோட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?



நம்ம ஸ்கூல் கபடியில் அதிகமா சண்டை வர்றது டச்சுக்கோ போனஸுக்கோ இல்லை. "லேட்டா பாடினான் சார்!" என்ற புகாருக்குத்தான். அதைப் பற்றி என் கருத்து இது.

விதி என்ன சொல்லுது? பாடிப் போகிறவர் எதிரணியின் மண்ணை மிதிக்கும் முன்பே 'கபடி' என்று பாடத் தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் நடுவர் அவரைத் திருப்பி அனுப்புவார். எதிரணிக்கு ஒரு புள்ளியும், பாடிப் போகும் வாய்ப்பும் கிடைக்கும். பாட்டு விடாமல், தெளிவாக, சத்தமாக இருக்க வேண்டும். தாத்தா காலத்து மாதிரி 'சடுகுடு' என்று பாடினால் செல்லாது.

அமெரிக்கர்கள் முட்டை வடிவப் பந்தை வைத்து ஒரு ஃபுட்பால் ஆடுகிறார்கள். அதில் எவ்வளவு கத்தினாலும் ஆட்டம் தொடங்காது. தரையில் இருக்கும் பந்து நகர்ந்தால்தான் தொடங்கும். கூட்டம் இரைச்சல் போட்டால், காலைத் தூக்கி சைகை காட்டிக்கூட பந்தை எடுப்பார்கள். அதையெல்லாம் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கபடியில் அது முடியாது. இங்கே குரல்தான் தொடக்கம். நடுவர் காதால்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிக்கலே இதுதான். நாம இருக்கறது திருவொற்றியூர். துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சா, பக்கத்துல நிக்கறவன் பேசறதே கேக்காது. அதைவிடப் பெரிய சத்தம் நாமதான்! நம்ம வகுப்புப் பையன் கிளம்பும்போதுதான் "ஓ"ன்னு கத்தறோம். அவன் பாட்டை நாமே அமுக்கிடறோம். இப்படி ஒரே புள்ளியில் தோத்த வகுப்பும் உண்டு. அந்தப் பையன் ரெண்டு நாள் யார்கிட்டயும் சரியா பேசலை.

"உதடு அசைஞ்சா போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. சத்தமாகப் பாடணும் என்பது விதி. ஆனால் 'கேக்கலை' வேறு, 'பாடலை' வேறு. பாடாதவனுக்குத் தண்டனை சரி. லாரி சத்தத்துக்கு அவன் ஏன் தண்டனை வாங்கணும்?

அதனால் நம்ம பள்ளி ஆட்டங்களுக்கு மட்டும் ஒரு யோசனை. இரைச்சலால் பாட்டு கேட்கவில்லை என்றால், விசில் அடித்து, புள்ளி தராமல், அவனையே மறுபடி பாட விடலாம். "முணுமுணுத்துட்டு லாரி மேல பழி போடுவாங்களே?" என்றால், ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் இந்தச் சலுகை. அடுத்த தடவை புள்ளி போகட்டும்.

பாடிப் போகிற நண்பர்களே, கோட்டுக்கு ரெண்டு அடி முன்னாடியே தம் கட்டி உரக்கத் தொடங்குங்கள். நடுவராக நிற்கும் ஐயா, நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று கேளுங்கள். கைதட்டும் தோழர்களே, அவன் கோட்டைத் தாண்டும் வரை வாயை மூடிக்கிட்டு இருப்போம். அப்புறம் தொண்டை கிழியக் கத்தலாம்!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்