மகுடம் யாருக்கு, லாபம் யாருக்கு?

2025 மே மாதத்தில் 72ஆவது உலக அழகிப் போட்டி தெலங்கானாவில் நடந்தேறியது. மாநில அரசே முன்னின்று வரவேற்ற இந்த விழாவின் ஒரு பகுதியாகப் போட்டியாளர்கள் ராமப்பா கோயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உள்ளே நுழையுமுன் அவர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, உள்ளூர்ப் பெண்கள் அவர்களது பாதங்களில் நீர் வார்த்தனர். குனிந்து துடைத்தும் விட்டனர். காணொளி பரவியது, கண்டனம் எழுந்தது. விருந்தோம்பல் மரபு என்று சமாதானம் சொல்லப்பட்டது. பெண்களுக்கு அதிகாரமளிக்கும் மேடை என்று பறைசாற்றப்பட்ட நிகழ்ச்சியில், நீர் வார்த்த பெண்ணுக்கு எந்த அதிகாரம் வந்து சேர்ந்தது என்ற கேள்வி விடையின்றியே நிற்கிறது.

இத்தகைய போட்டிகளை ஆதரிப்போர் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றனர்: தன்னம்பிக்கை வளர்கிறது, மேடையில் பேசும் திறன் கைகூடுகிறது, வெளிநாட்டுப் பயணம் வாய்க்கிறது, திரைத்துறையின் கதவு திறக்கிறது, சமூகத் தொண்டுக்கு வழி பிறக்கிறது. இது முழுப் பொய்யல்ல. 1994இல் பிரபஞ்ச அழகியான சுஷ்மிதா சென்னும், அதே ஆண்டு உலக அழகியான ஐஸ்வர்யா ராயும், 2000இல் மகுடம் சூடிய பிரியங்கா சோப்ராவும் அடைந்த புகழ் கண்கூடு. ஆனால், லாட்டரியில் பரிசு விழுந்தவரின் புகைப்படத்தைக் காட்டி லாட்டரி நல்ல சேமிப்பு என்று வாதிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பயிற்சிக் கட்டணம், உடை, தோல் சிகிச்சை, பல் சீரமைப்பு, புகைப்படத் தொகுப்பு என்று செலவழித்துவிட்டு முதல் சுற்றிலேயே திரும்பிய பெண்களின் கணக்கை எந்த இதழ் அட்டைப்படமாகப் போடுகிறது? உயரம் போதாத பெண்ணோ விண்ணப்பப் படிவத்தோடு நின்றுவிடுகிறாள்.

தன்னம்பிக்கை என்பது அந்த மேடையின் தனிச்சொத்தும் அல்ல. சங்கக் கூட்டத்தில் முதன்முறையாக ஒலிவாங்கியைப் பிடித்துக் கூலி உயர்வு கேட்கும் பீடித் தொழிலாளிப் பெண்ணிடமும் அது பிறக்கிறது. அவளது இடுப்பை எவரும் அளந்து பார்ப்பதில்லை.

போட்டிகள் பிறந்த கதையே அவற்றின் நோக்கத்தைச் சொல்லிவிடும். உலக அழகிப் போட்டி 1951இல் லண்டனில் எரிக் மார்லி என்ற கேளிக்கை நிறுவன அதிகாரி, நீச்சலுடைப் போட்டியாகத் தொடங்கியது. பிரபஞ்ச அழகிப் போட்டியின் பிறப்பு இன்னும் வெளிப்படையானது. அமெரிக்க அழகியாகத் தேர்வான யோலாண்ட் பெட்பீஸ், நீச்சலுடையில் ஊர் ஊராகக் காட்சி தர மறுத்தார். புரவலராக இருந்த காட்டலினா நீச்சலுடை நிறுவனம் சினங்கொண்டு விலகி, 1952இல் தனக்கென ஒரு போட்டியை உருவாக்கிக் கொண்டது. மகுடம் சூடிய பெண் ஒருத்தி தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுத்தாள்; அதைப் பொறுக்காத வணிகம் பெற்ற பிள்ளை இது.

இந்தியாவில் 1991இல் சந்தை திறந்துவிடப்பட்டது; மூன்றே ஆண்டுகளில் இரு மகுடங்கள் வந்தன. அவை திட்டமிட்டு வழங்கப்பட்டவை என்று சிலர் அடித்துச் சொல்வதுண்டு. அதை மெய்ப்பிக்கவும் இயலாது, மெய்ப்பிக்க வேண்டிய தேவையும் இல்லை. வந்த மகுடங்களை அழகுசாதனப் பெருநிறுவனங்கள் எப்படிப் பயன்படுத்தின என்பதே போதும். டாடா குழுமம் வளர்த்த லக்மே 1998இல் இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போயிற்று. அதே லீவர் 1975 முதல் விற்றுவந்த ஃபேர் அண்ட் லவ்லி, நிறவெறிக்கு எதிரான உலகளாவிய எழுச்சிக்குப் பின் 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. கறுப்புத் தோல் குறைபாடு என்று பெண்களை நம்பவைத்த அரை நூற்றாண்டு விளம்பரத்தைப் பெயர்ப்பலகை மாற்றம் அழித்துவிடாது.

எதிர்க்கும் தரப்பிலும் ஒரு தவறான கருத்து உண்டு. அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 1996 நவம்பரில் அமிதாப் பச்சனின் நிறுவனம் பெங்களூரில் உலக அழகிப் போட்டியை நடத்தியபோது, இடதுசாரி மாதர் அமைப்புகளும் விவசாயிகளும் வீதிக்கு வந்தனர். சங் பரிவாரத்தின் பண்பாட்டுக் காவலர்களும் வந்தனர். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிரிழந்தார். முடிவில் நடந்தது என்ன? நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான போலீசாரின் காவலில் போட்டி சின்னசாமி மைதானத்தில் அரங்கேறியது. பெண்ணின் ஆடைதான் பிரச்சினை என்றவர்களின் கோரிக்கை ஏறத்தாழ நிறைவேறியது. பெண்ணுடல் சரக்காக்கப்படுவதே பிரச்சினை என்றவர்களின் கோரிக்கையை எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2014இல் உலக அழகிப் போட்டி நீச்சலுடைச் சுற்றையே கைவிட்டது. வணிகத்தில் ஒரு காசும் குறையவில்லை.

ஆகவே, "நம் வீட்டுப் பெண்கள் இப்படி நிற்பார்களா" என்று தோழர்களே சில வேளைகளில் பேசுவது எதிரியின் மொழி. காதலர் தினத்தில் தடியெடுப்பவனும், கைப்பேசி வைத்திருக்கும் பெண்ணைத் தண்டிக்கும் சாதிப் பஞ்சாயத்தும் பேசுவது அதுதான். போட்டியில் நிற்கும் பெண் குற்றவாளி அல்லள். வேலையின்மையும் குறைந்த கூலியும் சூழ்ந்த நாட்டில், தன் உடலை முதலீடாக்கினால் உயரலாம் என்று சந்தை அவளிடம் சொல்கிறது. அவள் நம்புகிறாள், அவ்வளவே.

அந்த நம்பிக்கையின் விலையை ஐதராபாத்திலேயே ஒரு போட்டியாளர் வெளியிட்டார். இங்கிலாந்தின் மில்லா மேகி பாதியில் விலகி நாடு திரும்பி, செல்வந்தப் புரவலர்களை மகிழ்விக்க அவர்களோடு அமர்த்தப்பட்டதாகக் குற்றம் சாட்டினார். அமைப்பாளர்கள் மறுத்தனர். உண்மை எந்தப் பக்கம் என்பதைப் புரவலரின் தயவில் இயங்கும் அமைப்பே தீர்மானிக்க முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013 முதல் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. வாரக்கணக்கில் காலைமுதல் இரவுவரை புரவலருக்காகவும் சுற்றுலாத் துறைக்காகவும் புன்னகைக்கும் பெண் செய்வது உழைப்பு என்று ஒப்புக்கொண்டால், பணிநேரம், ஊதியம், ஒப்பந்தம், புகார்க்குழு அனைத்தையும் கேட்டாக வேண்டும். அடுத்து எந்த மாநில அரசு இந்த விழாவுக்குக் கருவூலத்தைத் திறந்தாலும், மாதர் அமைப்புகள் வாயிலில் நின்று கேட்க வேண்டியவை இவை. அங்கன்வாடி ஊழியருக்கும் ஆஷா பணியாளருக்கும் தர நிதியில்லை என்று கைவிரிக்கும் அரசுகளிடம், செலவுக் கணக்கையும் சேர்த்தே கேட்க வேண்டும்.