இராவணன் வீணையும் தோட்டத்துத் தப்பும்

இறம்பொடைக்கு வருவோர்க்கு இன்று முதலிற் சொல்லப்படுவது இராமாயணக் கதையே. இலங்கை வேந்தன் இராவணன் வீணையில் வல்லவன் என்பதும், அவன் கொடி வீணைக்கொடி என்பதும் தமிழிலக்கிய மரபு. அம்மரபைப் போற்றுதல் தவறன்று. ஆயின் ஓவியர் அவன் கையிற் கொடுப்பது தஞ்சாவூர் வீணையை. இருபத்துநான்கு மெட்டுகளையுடைய அவ்வடிவம் 17ஆம் நூற்றாண்டில், இரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பர். அத்தகைய படத்தை மலையகத்தின் தொன்மைக்குச் சான்றாகக் கொள்ளுதல் எவ்வாற்றானும் பொருந்தாது. இலக்கியத்தையும் சிற்பத்தையும் கணிதத்தையும் ஒருங்கே ஆராய்ந்து 1947இல் யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளின் நெறியும் அதுவன்று.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. வீணை ஏந்துவோராகத் தமிழர் வரைவதெல்லாம் கலைமகளும் நாரதரும் இராவணனுமே. உழைப்பவன் கையில் இசைக்கருவியைக் காணும் ஓவிய மரபு அருகியே உள்ளது.

உக்கிரேனின் வரலாறு வேறு. அந்நாட்டுப் பறோக் கலை 17, 18ஆம் நூற்றாண்டுகளிற் பொன்வேய்ந்த தேவாலயங்களை எழுப்பியது. அப்பண்பாட்டினின்று தோன்றி மக்கள் தம் இல்லங்களில் விரும்பி வைத்த படமோ கொசாக் மாமாய் என்பது. மாமாய் மன்னனல்லன், புனிதனுமல்லன். கால்மடித்தமர்ந்து, குதிரை அருகே நிற்க, கோப்சா என்னும் நரம்புக் கருவியை மீட்டும் கதைமாந்தன். கதவிலும் பேழையிலும் அவனைத் தீட்டினர். அக்கருவியின் வழிவந்த பந்துராவை வாசித்த கலைஞர் ஹொத்கேவிச் 1938இற் சோவியத் ஆட்சியாற் கொல்லப்பட்டார். எனினும் படமும் கருவியும் நிலைத்தன. மக்கள் அவற்றைத் தமதெனக் கொண்டமையே காரணம்.

மலையக மக்கள் தமதெனக் கொள்ளத்தக்க கருவி தப்பு. விடியலிற் பிரட்டுக்கு அழைத்ததும், காமன் கூத்தை ஆட்டுவித்ததும், இறந்தோரை வழியனுப்பியதும் அதுவே. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களிடம் எஞ்சிய உடைமைகளுள் அதுவும் ஒன்று. தப்பு நரம்புக் கருவியன்று, தோற்கருவி. ஆகவே ஒப்புமை பொருந்தாது எனச் சிலர் கூறலாம். ஒப்புமை கருவியின் இனத்தில் அன்று, அதனை ஏந்தும் கையில் உள்ளது. உண்மைத் தடை வேறு: சாவுக்குரியது, தாழ்ந்த சாதிக்குரியது என்னும் இழிநோக்கு. அதனை வளர்த்தோர் வெள்ளைத் துரைமார் மட்டுமல்லர், தமிழருமே.

லயத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரும் மலர் அட்டைகளில் வீணையே பொறிக்கப்படுமாயின், அக்கல்வி யாருக்கு? இறம்பொடைப் பாடசாலைச் சுவரில் தப்படிப்போன் ஒருவன் வரையப்படட்டும். முதியோர் அறிந்த அடிவகைகள் அவர் உள்ளபோதே எழுதப்படட்டும். இராவணனின் வீணை அதுவரை காத்திருக்கலாம்.