வனவியல் மேற்படிப்பும் நம் வானம் பார்த்த காடும்

அவிநாசியைச் சூழ்ந்த சிற்றூர்களில், வனவியலிற் பட்டம் பெற்ற பிள்ளையொருவர், "இன்னும் ஈராண்டு எம்.எஸ்ஸி. படிக்க விரும்புகின்றேன்" என்று கூறின், பெற்றோர் முதலிற் கேட்பது, "முடிவில் உத்தியோகம் உண்டா?" என்பதே. அக்கேள்வியை இகழ்ந்து தள்ளுதல் தகாது. வனத்துறையில் உத்தியோகங்கள் சில, நாடுவோர் பலர். இந்திய வனப்பணித் தேர்விலோ தாவரநூல், விலங்குநூல், பொறியியல் முதலியன கற்றோரும் அமரலாம். ஆகவே, உத்தியோகம் ஒன்றனையே கருதி இப்படிப்பை நாடுவோர் ஏமாற்றமடையவும் கூடும். எனினும், இம்மேற்படிப்பு நம் நாட்டிற்கு இன்றியமையாதது என்பதும், அதன் ஆராய்ச்சி மலையினின்று நம் சமவெளிக்கு இறங்கிவரல் வேண்டும் என்பதும் நமது துணிபு.

வனக்கல்வி கொங்கு நாட்டிற்குப் புதியதன்று. 1912-ஆம் ஆண்டிலேயே கோயமுத்தூரில் சென்னை வனக் கல்லூரி தோன்றிற்று. அரசாங்கத்தின் காடுகளைக் காத்து நடத்தும் ரேஞ்சர்களைப் பயிற்றுவித்தலே அதன் நோக்கமாயிருந்தது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதன் அங்கமாகப் பின்னர் மேட்டுப்பாளையத்தில் அமைந்த வனக் கல்லூரியில் இன்று முதுநிலைப் பட்டமும் அதற்கு மேற்பட்ட ஆராய்ச்சிப் பட்டமும் பெறலாம். அங்கே நோக்கமும் விரிந்தது. சவுக்கு, மலைவேம்பு முதலிய மரங்களுட் சிறந்தவற்றைத் தேர்ந்து, அவற்றின் கிளைத்துண்டுகளைக் கன்றுகளாக்கிப் பல நிலங்களில் நட்டுச் சோதித்து, காகிதக் கூழுக்கும் ஒட்டுப்பலகைக்கும் உதவும் மரத்தை உழவரே வளர்க்குமாறு செய்துள்ளனர். காட்டிலாகாவின் கல்வி உழவர் கல்வியுமாயிற்று.

நிற்க. 'காடு' என்னுஞ் சொல்லை நம் கொங்கு மக்கள் வழங்கும் முறையை நோக்குக. "காட்டுக்குப் போகின்றேன்" என்று நம் உழவர் சொல்லுவாராயின், புலியும் யானையும் திரியும் அடவிக்கு அவர் போகவில்லை. தம் புன்செய் நிலத்திற்கே போகின்றார். காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் மேய்ச்சல் நிலத்தைக் 'கொறங்காடு' என்பர். முள்கிளுவை வேலியாய்ச் சூழ, உள்ளே கொழுக்கட்டைப் புல் தழைக்க, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். வேலி மாட்டைக் காக்கும். புல் அதன் வயிற்றை நிரப்பும். மரம் நிழலும் காயும் தரும். எந்தப் பல்கலைக்கழகமும் தோன்றுமுன்னரே நம் முன்னோர் கண்ட வனவியல் இது. அவிநாசித் திருக்கோயிலின் தலமரம் பாதிரி. தெய்வத்தின் பெயரால் ஒரு மரத்தையேனும் காத்து வந்த ஊர், தன் புன்செய்களில் எம்மரம் எவ்வளவு நீரை உண்ணும், எத்தனை ஆண்டிற் பயன் தரும் என்பதையும் அறிய வேண்டாவோ?

இங்கே இடர் ஒன்றுளது. எம்.எஸ்ஸி. படிப்பின் காலம் இரண்டே ஆண்டு. வெள்வேலின் வாழ்நாளோ பல பத்தாண்டு. மாணாக்கர் நாற்றங்காலிற் கன்றின் உயரத்தை அளப்பர், ஆய்வேட்டை எழுதி முடிப்பர், போய்விடுவர். மரம் அதன்பின்னரே வளரத் தொடங்கும். இதனைத் தீர்க்கும் வழியைக் கோயமுத்தூரே காட்டியுள்ளது. அங்குள்ள வேளாண்மைக் கல்லூரியில் 1909-ஆம் ஆண்டில் நிரந்தர எருச் சோதனை ஒன்றைத் தொடங்கினர். அதனைத் தொடங்கினோர் எவரும் இன்றில்லை. சோதனை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. மண்ணுக்குச் செய்ததை மரத்துக்குஞ் செய்யலாமன்றோ? அவிநாசி போன்ற வறண்ட இடங்களில் நிலைத்த மரப்பாத்திகளை அமைத்து, ஒரு மாணாக்கர் நட்டதை அடுத்தவர் அளக்கவும், அவர் அளந்ததை மூன்றாமவர் ஆராயவும் ஏற்பாடு வேண்டும். இலாபத்தை விரைந்து நாடுங் கம்பெனி அவ்வளவு காலம் பொறுத்திராது. பொதுமக்கள் பணத்தில் நடைபெறும் பல்கலைக்கழகமே பொறுக்கவல்லது. பொறுத்தலே அதன் கடமையுமாம்.

இதற்கு ஏற்ற காலமும் இதுவே. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கப்பெற்றது. காலிங்கராயன் அணைக்கட்டின் கீழே பவானியாற்றின் உபரி நீரை ஏற்றி, 1,045 குளங்குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். நீர் வந்த குளக்கரையில் எம்மரம் நிற்கும்? சீமைக் கருவேலை அகற்றிய இடத்தில் எதனை நடுவது? சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று ஏறுமாயின், உழவர் மரப்பயிரை விட்டு மீண்டும் நீர்ப்பயிருக்குத் திரும்புவரோ? இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டிற்குப் பொருளாகத் தக்கவை.

ஆகவே, மாணவ நண்பர்காள், இப்படிப்பை நாடுவீராயின், உத்தியோகப் பட்டியலை மட்டும் நோக்காது உங்கள் ஊர்ப் புன்செயையும் நோக்குங்கள். நிலமுடைய பழைய மாணாக்கர்களுக்கும் நாம் ஒன்று கூறுவோம்: உங்கள் காட்டின் ஒரு மூலையைச் சில மரங்களுக்காகவும், அவற்றை அளக்க வரும் இளைஞர்களுக்காகவும் ஒதுக்கி வையுங்கள். பெற்றோர் கேட்கும் கேள்விக்கு அன்று அவ்விளைஞர்கள் தம் வேலையையே விடையாகக் காட்டுவர்.